காற்று எந்தப் பக்கம்? ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஐஸைக் கேட்க ஆளிருக்காது. ஜார்ஜ் மார்ட்டினின் ஐந்து தடிப் புத்தகங்களையும் அப்படி இரண்டு தடைக்காலங்களில், அகராதியும் கையுமாகப் படித்து முடித்தேன். பனியும் நெருப்பும் என்று பெயர் வைத்த கதையை ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்து படித்தது நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தப் புத்தகங்களை வைத்து எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரின் முடிவைப் பற்றிப் புலம்ப வரவில்லை. 2019இல் ஊரே திட்டித் தீர்த்துவிட்டது. ஆறாவது புத்தகம் கைக்கு வராமலே கதையை முடிக்க வேண்டியிருந்தது, சரி. என் மனத்தாங்கல் கடலைப் பற்றியது. அந்தத் தொடரை எடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்று தெரியும். ஆனால் வெஸ்டரோஸ் என்கிற அதே கற்பனைக் கண்டத்தில்தானே உங்கள் தொடரிலும் கதை நடத்துகிறீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஏழாவது சீசனில் கடற்கொள்ளையன் யூரானின் கப்பல்கள் கிழக்குக் கடலில் ஒரு படையை அடித்து நொறுக்குகின்றன. அடுத்த எபிசோடில் மேற்குக் கரையில் காஸ்டர்லி ராக் கோட்டை வாசலில் நிற்கின்றன. நடுவில் ஒரு கண்டத்தையே தெற்கே சுற்றி வரவேண்டும். எங்கள் ஊர்க்காரனுக்கு இது உடனே உறுத்தும். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிற பெரிய கப்பல் எங்கள் வழியாக வராது, இலங்கையைச் சுற்றித்தான் போகும். சேதுத் திட்டுகளில் ஆழம் அவ்வளவுதான். ராமேசுவரத்துக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது.

எட்டாவது சீசனில் அதைவிட மோசம். டிராகன் முதுகில் பறக்கிற அரசிக்குக் கீழே நிற்கிற எதிரிக் கப்பற்படை தெரியவில்லை. அவள் அதை மறந்துவிட்டாள் என்று எடுத்தவர்களில் ஒருவரே விளக்கம் சொன்னார். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்றாலே தூரத்துப் படகு கண்ணில் படும்! கூட உட்கார்ந்து பார்த்த அப்பா, நாற்பது வருஷம் வத்தைப் படகில் மீன்பிடிக்கப் போனவர், ஒன்றுதான் கேட்டார்: “காத்து எந்தப் பக்கம்னு ஒருத்தனும் பாக்கலையேடா?”

புத்தகத்தில் பார்க்கிறார்கள். விக்டேரியன் என்றொரு கப்பல் தலைவன். தொடரில் அந்த ஆளே இல்லை. அவன் உலகத்தின் மறுகோடிக்குப் படையோடு கிளம்புகிறான். போய்ச் சேருவதற்குள் புயலில் சிதறி எத்தனையோ கப்பல்கள் காணாமல் போகின்றன. அவன் மிச்சத்தை எண்ணுகிற பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கள் பெரியவர்களும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்.

கடத்தல்காரராக இருந்த டாவோஸையும் சொல்லவேண்டும். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். முற்றுகையில் பட்டினி கிடந்த கோட்டைக்கு இருட்டில் படகு விட்டுச் சரக்கு கொண்டுபோனவர். வெங்காயத்தை வைத்து அவருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது, ஆனால் படகில் உப்பிட்ட மீனும் இருந்ததாகப் புத்தகம் சொல்கிறது. கருவாடு ஐயா, கருவாடு. எங்கள் ஊராக இருந்தால் பட்டப்பெயரே வேறாக இருந்திருக்கும். புத்தகத்தில் அவருக்கு ஏழு பிள்ளைகள், பிளாக்வாட்டர் ஆற்றுச் சண்டையில் நான்கு பேர் ஒரே நாளில் போகிறார்கள். தொடரில் ஒரே ஒரு மகன். ஒரு வீட்டில் நான்கு பேர் கடலுக்குப் போய் நான்கு பேரும் திரும்பாதது என்னவென்று எங்கள் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

புத்தகத்தில் அதே சண்டையில் ஆற்றின் வாயில் ஒரு சங்கிலி. கப்பலெல்லாம் உள்ளே போனதும் பின்னால் அதைத் தூக்கி வழியை அடைத்துவிடுவார்கள். 2012இல் வந்த எபிசோடில் அது இல்லை, இத்தனைக்கும் அதை எழுதியதே மார்ட்டின்தான். செலவு பயமுறுத்தியிருக்கும். எங்கள் பாலத்தில் இதற்கு நேர்மாறு: 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் கைவிரிப்பதுபோல் இரண்டாகப் பிளந்து கப்பலுக்கு வழிவிட்டது. 2025இல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறுகிறது. அது ஏறும்போது இன்றைக்கும் வேடிக்கை பார்க்க ஆள் நிற்கும். இரும்பு அசைவதற்கே அவ்வளவு கூட்டம்!

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோர்லிஸ் வெலேரியன் ஒன்பது பெரும்பயணம் போன கடலோடி. ஆனால் உங்கள் தொடரில் நான் அவரை அதிகம் பார்த்தது கரையில்தான். 2024இல் இரண்டாவது சீசனைக் கப்பல்கள் கிளம்புவதோடு நிறுத்திவிட்டீர்கள். கப்பற்படை கேட்டுப் போன அமைச்சர் சேற்றில் மல்லுக்கட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்தது. போகட்டும், சிரித்தேன்தான்.

அந்தக் கப்பல்கள் போகிற இடத்துக்கு ‘கல்லெட்’ என்று பெயர், தொண்டை என்று அர்த்தம். ஒரு நீரிணை. நானும் நீரிணைக்காரன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இங்கே வாடைக் காலத்தில் வடகடல் குமுறும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். மேல்காற்றான கச்சான் அடித்தால் தலைகீழ். நடுவில் உள்ள ஒடுங்கிய வாயில் நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியாமல் யாரும் படகை விடமாட்டார்கள். ஒடுங்கிய தண்ணீரில் நடக்கும் சண்டையில் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும். டிராகன் எத்தனை வேண்டுமானாலும் விடுங்கள், எனக்கும் டிராகன் பிடிக்கும். அதற்கு முன்னால் ஒரு மாலுமி பாயை அண்ணாந்து பார்த்துக் காற்று திரும்பிவிட்டது என்று சொல்லட்டும். அரை நிமிடம் போதும். அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்ப்பேன்.

அன்புடன்,
பாம்பன் ஐஸ் கம்பெனிக் கணக்கன்