சுரைக்குடுக்கையை அவிழ்க்கும் நேரம்

சாகர், மத்தியப் பிரதேசம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

என்னிடம் விமானம் ஓட்டக் கற்கும் ஒரு பிள்ளையைத் தனியாகப் பறக்க அனுப்பலாம் என்று எப்படி முடிவு செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். முந்தாநாள்தான் ஒரு பெண்ணை அனுப்பினேன். இன்னும் அதே நினைப்பாக இருக்கிறேன்.

பறந்த மணிக்கணக்கை வைத்து நான் முடிவு செய்வதில்லை. அழகாகத் தரையிறக்குவதை வைத்தும் இல்லை. காற்று அடங்கிய காலையில் யார் இறக்கினாலும் பூப்போல இறங்கும். காரியம் கெடும்போது கை என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பேன். அன்று அவள் ஓடுபாதையை நெருங்கும்போது வேகம் 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) இருக்க வேண்டும், 75 இருந்தது. தரையைத் தொட்ட விமானம் துள்ளி எழுந்தது. இன்ஜின் பவரைக் கூட்டும் த்ராட்டிலுக்கு என் கை போவதற்குள் அவளே முழு பவர் கொடுத்து, மூக்கை நிதானப்படுத்தி, இறங்குவதற்காக இறக்கையில் தாழ்த்தியிருந்த ஃப்ளாப் தகடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ரேடியோவில் 'கோயிங் அரவுண்ட்', அதாவது இறங்காமல் இன்னொரு சுற்று வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். அடுத்த மூன்று சுற்றிலும் நான் வாயே திறக்கவில்லை.

அப்புறம் விமானத்தை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். செஸ்னா 172 மாதிரிச் சின்ன விமானத்தில் என் 80 கிலோ குறைந்தால் விறுவிறுவென மேலேறும்; இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே மிதந்துகொண்டே போகும். அதை மட்டும் சொன்னேன். "மனசுக்குச் சரிப்படலைன்னா இறக்காதே, இன்னொரு சுற்று வா" என்று கதவைச் சாத்தினேன்.

ஒரே சுற்று, ஆறேழு நிமிடம். உங்கள் தோட்டத்துக் கிணற்றில் நாம் நீச்சல் பழகியபோது உன் அப்பா நம் இடுப்பிலிருந்த சுரைக்குடுக்கையை அவிழ்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிப் படியில் நின்றாரே, நினைவிருக்கிறதா? நாம் மூழ்கினால் அவர் குதித்திருப்பார். எனக்கு அதற்கு வழியில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்கினாள். கொஞ்சம் மிதந்து, நடுக்கோட்டுக்கு இடப்பக்கமாக. வழக்கப்படி கூட்டாளிகள் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள்.

இன்னொரு பையன் இருக்கிறான். அவளைவிட நன்றாக இறக்குகிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறான். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் தனியாகப் பறந்துவிட்டார்கள். "எனக்கு எப்போ சார்?" என்று நேற்றும் கேட்டான். நாளைக் காலை ஓடுபாதைக்கு இணையாகப் போகும்போது நானே இன்ஜின் பவரைக் குறைத்துவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் நண்பன்