அவர் வருவார் என்று நினைத்தேன்

மாயவரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாடியில் தளவேலை முடிந்துவிட்டது, மற்றச் செய்திகளைத் தம்பி உனக்குச் சொல்லியிருப்பான். உரைபெயர்ப்பாளர் தேர்வுக்காக நீ ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து அனுப்பியிருந்த பயிற்சி வாக்கியங்கள் முழுவதையும் படித்தேன். அவற்றைத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தாயே தவிர, எங்களை விசாரித்தோ உன்னைப் பற்றிச் சொல்லியோ ஒரு வரியும் எழுதவில்லை. ஆகையால் நானும் திருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன்.

லண்டனில் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் மொழி தெரியாமல் நிற்கும் நம் மக்களுக்காகப் பேசப்போகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை. அங்கே உரைபெயர்ப்பாளர் 'இந்த அம்மாள் சொல்கிறார்' என்று விலகி நின்று பேசக்கூடாது, சொல்பவரின் 'நான்' என்பதையே தானும் சொல்ல வேண்டும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். ஆனால் அந்த 'நான்', கணவர் அன்று என்ன சொன்னார், தான் அப்போது என்ன நினைத்தேன் என்று பழைய கதையைச் சொல்லத் தொடங்கியதும், 'வில்', 'கேன்', 'மே', 'மஸ்ட்' ஆகிய நான்கு துணைவினைகளையும் நீ தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். தமிழில் நமக்கு 'என்று' இருக்கிறது. 'வருவேன் என்று சொன்னார்' என்னும்போது அவர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே வைத்துவிடுகிறோம். காலமும் மாறுவதில்லை, 'ஏன்' விகுதியும் மாறுவதில்லை. ஆங்கிலமோ அந்தச் சொல்லைச் சொல்பவளின் இடத்துக்கும் காலத்துக்கும் இழுத்து, 'ஹி செட் ஹி வுட் கம்' என்று ஆக்குகிறது. என்னிடம் படித்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் 'வில்' என்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். நீ அந்தத் தவற்றை ஒருநாளும் செய்ததில்லை. ஆறாம் வகுப்பிலேயே செய்ததில்லை.

அதனால்தான் உன் மூன்றாவது வாக்கியம் என்னை நிறுத்திவிட்டது. 'அவர் வருவார் என்று நினைத்தேன்' என்பதற்கு 'ஐ தாட் ஹி வுட் ஹேவ் கம்' என்று எழுதியிருக்கிறாய். 'வுட் கம்' என்றிருந்தால் அது நினைத்த நேரத்தில் நின்றுகொண்டு முன்னால் பார்ப்பது. அவர் பிறகு வந்தாரா வரவில்லையா என்பதைப் பற்றி அந்த வாக்கியம் வாய் திறக்காது. 'ஹேவ்' சேர்ந்துவிட்டால், 'இந்நேரம் வந்துசேர்ந்திருப்பார் என்று எண்ணினேன்' என்றோ, 'வந்திருக்க வேண்டியவர், ஆனால் வரவில்லை' என்றோதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஒரு வாக்குமூலத்தில் இது சிறிய வேறுபாடு அல்ல. அந்தப் பெண் காத்திருந்தாள் என்பது மட்டும் போய், அவள் காத்திருந்தது வீண் என்பதும் அதில் ஏறிவிடுகிறது. நீ கைதவறி எழுதினாயா, அந்தப் பொருளையே நினைத்து எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை. யார் நினைத்தது, எந்த நேரத்தில் நின்று நினைத்தது என்பதை முதலில் கேட்டுக்கொண்டு பிறகு எழுது. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு எழுது.

அடுத்து 'மஸ்ட்'. பழைய ஆங்கிலத்தில் அதுவே இறந்தகால வடிவமாக இருந்து, நாளடைவில் நிகழ்காலத்துக்கு வந்துவிட்ட சொல். அதற்கென்று வேறோர் இறந்தகாலம் இல்லை. ஆகையால் பழைய எண்ணத்தைச் சொல்லும்போதும் அது மாறாமல் நிற்கலாம். கட்டாயத்தைச் சொல்லும் இடத்தில் 'ஹேட் டு' என்று மாற்றிக்கொள்ளலாம். ஊகத்தைச் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் மாற்றக்கூடாது. 'அவர் களைத்துப்போயிருக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன்' என்னும் வாக்கியத்தில் 'ஹேட் டு பி டயர்ட்' என்று எழுதியிருக்கிறாய். 'மஸ்ட் பி டயர்ட்' என்று எழுது. அவருடைய பேசாமைக்கு அவளாகவே தேடிக்கொண்ட காரணம் அது. உன் வாக்கியத்தைப் படிப்பவருக்கு அவர் களைத்திருந்தாக வேண்டிய கட்டாயம் ஏதோ இருந்ததைப் போலத் தோன்றிவிடும். 'எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டாக வேண்டியிருந்தது' என்னும் வாக்கியத்தில் மட்டும் 'ஹேட் டு' சரியாக அமைந்திருக்கிறது.

'கேன்' என்பதன் இறந்தகால வடிவமான 'குட்' இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய சொல். அதன் எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் 'எல்', 'வுட்', 'ஷுட்' ஆகியவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது என்று உனக்குச் சொன்னபோது, அப்படியானால் நான் அதை எழுத மாட்டேன் என்று கும்பகோணத்து அத்தை முன்னிலையில் பிடிவாதம் பிடித்தாய். 'ஷி செட் ஷி குட் மேனேஜ்' என்பதற்கு இரண்டு மூலங்கள் இருக்கலாம்: 'என்னால் சமாளிக்க முடியும்' என்று அவள் சொல்லியிருக்கலாம், 'அந்த நாளில் என்னால் சமாளிக்க முடிந்தது' என்றும் சொல்லியிருக்கலாம். ஆங்கில வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல இயலாது. தமிழில் கேட்ட உனக்குத்தான் தெரியும், ஆகவே நேரத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை நீதான் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை நடந்து முடிந்த செயலுக்கு 'குட்' போதாது. 'வாஸ் ஏபிள் டு' என்று வை. நடக்காமல் போனதற்கு 'குடன்ட்' என்றால் போதும். இது வகுப்பில் நான் ஓயாமல் சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன்: யார், எந்த நேரத்தில் நின்று நினைத்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்.

கடைசி வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. 'ஷி டோல்ட் ஹெர் மதர் தட் ஷி நீடன்ட் கம்.' 'நீடன்ட்' அங்கே மாறாமல் நிற்கலாம். 'டிடன்ட் நீட் டு கம்' என்றாலும் சரிதான். 'நீடன்ட் ஹேவ் கம்' என்று எழுதியிருந்தால்தான் தாய் வந்துவிட்டாள், வந்தது வீண் என்று ஆகியிருக்கும். நீ அப்படி எழுதவில்லை. பிழையே இல்லாத அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வுக்கு எழுதிப் பார்க்க உலகத்தில் எத்தனையோ வாக்கியங்கள் இருக்க, வங்கி, ரயில், வாடகை, தடுப்பூசி என்று எதையும் எடுக்காமல், ஒருவர் வரவில்லை, ஒருத்தி காத்திருந்தாள், தாயை வர வேண்டாம் என்றாள் என்றே ஏன் எழுதினாய் என்று நான் கேட்கக்கூடாதா? முன்பெல்லாம் மாப்பிள்ளை போனை வாங்கி அப்பாவிடம் மழையைப் பற்றியாவது இரண்டு வார்த்தை பேசுவார். பொங்கலுக்குப் பிறகு அவருடைய குரலை நாங்கள் கேட்கவில்லை. வேலை அதிகம் என்று நீ சொன்னாய். சொன்னாய் என்றுதான் என்னால் எழுத முடிகிறது.

ஒரு விதியை நீ விட்டுவிட்டாய். சொன்ன காலம் இறந்தகாலமாக இருந்தாலும், சொன்ன காரியம் இன்னும் வரவிருப்பதாக இருந்தால் 'வில்' அப்படியே நிற்கலாம். ஆனால் அந்தச் சொல் இன்றும் நிலைத்திருப்பதாகச் சொல்பவர் நம்பும்போது மட்டுமே அப்படி எழுதுவார்கள். வைகாசியில் இருவருமாக வருவோம் என்று மாப்பிள்ளை போன தீபாவளியன்று அப்பாவிடம் சொன்னார். வைகாசி இன்னும் பிறக்கவில்லை. அதை இன்று நான் ஆங்கிலத்தில் எழுதினால் 'வில்' போடலாமா, 'வுட்' போட வேண்டுமா என்பதை எனக்கு எழுது. 'வுட்' என்று எழுதினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன், அப்பாவிடமும் சொல்ல மாட்டேன். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன்; விசாவுக்கு உன் பக்கத்திலிருந்து என்னென்ன தாள் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா