திருகாணியை எங்களோடு சேர்ந்து இறுக்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நாம் கூடி ஒரு கதையைப் படித்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்து பத்து நாளாகிவிட்டது. இந்த மடலை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கதை மனசை விட்டு இறங்கக் கொஞ்சம் நாள் பிடித்தது.

எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ (திருகின் ஒரு சுற்று) என்ற பேய்க்கதையைக் கல்லூரி நாட்களில் தனியாகப் படிக்க ஆரம்பித்து, எட்டாவது அத்தியாயத்தோடு மூடி வைத்தவள் நான். வாக்கியங்கள் அவ்வளவு நீளம். அதே புத்தகத்தை இந்த முறை கடைசி வரி வரைக்கும் போய்ச் சேர்ந்தேன் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம்.

முதல் நன்றி ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு. எழுத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டு, பதினான்கு பிரதிகளும் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தார். அப்புறம் மாடி அறையைத் திறந்துவிட்ட நூலகருக்கு. நாலரை மணிக்குத் தவறாமல் டீ கொண்டுவந்த தம்பிக்கும்.

ஆசிரியை அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்து, கமா வரும் இடத்திலெல்லாம் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு அதையே தமிழில் சொன்னீர்கள். மணிக்கட்டு வலியால் ஜேம்ஸ் 1897 முதல் கையால் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, தட்டச்சு செய்பவரிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தார் என்றும், இந்தக் கதையும் அப்படிப் பிறந்ததுதான் என்றும் நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. இது காதால் கேட்க வேண்டிய கதை. கதைக்குள்ளேயும் அப்படித்தானே? கிறிஸ்துமஸ் சமயத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு டக்ளஸ் என்பவர் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றைப் படித்துக் காட்டுகிறார். பேய்க்கதையில் ஒரு குழந்தை வந்தாலே திருகு ஒரு சுற்று இறுகும், இரண்டு குழந்தைகள் வந்தால்? அங்கிருந்துதான் தலைப்பு.

1898 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ‘காலியர்ஸ் வீக்லி’ என்ற வார இதழில் பன்னிரண்டு பகுதிகளாக வந்த கதை இது. அன்றைய வாசகர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். நாமும் வாரம் நான்கு அத்தியாயம் என்று காத்திருந்தோம். ஆர்வம் தாங்காமல் முன்னாலேயே படித்து முடித்துவிட்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்த கல்லூரித் தங்கைக்குத் தனி நன்றி.

இரண்டாவது வாரச் சண்டையை என்னால் மறக்க முடியாது. கோபுரத்திலும் ஜன்னலிலும் தான் பார்த்த ஆளை, இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வந்த கதையின் ஆசிரியப் பெண் வர்ணிக்கிறாள்: தொப்பி இல்லை, சிவந்த சுருட்டை முடி, வெளிறிய நீண்ட முகம். கேட்டதுமே வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் மிஸஸ் க்ரோஸ், அது இறந்துபோன வேலையாள் பீட்டர் குவின்ட் என்கிறாள். பார்த்தே இராத ஒருவனை இவள் எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னாள்? பேய் நிஜம் என்பவர்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. எல்லாம் அவள் மனப்பிரமை என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் எழுதிய கட்டுரையைப் பேராசிரியர் ஐயா பையிலேயே வைத்திருந்தும், ஐந்தாவது வாரம் வரை வெளியே எடுக்கவில்லை. அந்தப் பொறுமைக்கு நன்றி ஐயா. முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் எங்கள் கண்ணால் படித்திருக்க மாட்டோம்.

ஆனால் எனக்கு இந்தக் கதையைத் திறந்து காட்டியவர் பெரியம்மாதான். மகளுக்குத் துணையாக வந்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இளவயதில் வெளியூரில் ஒரு வீட்டில் தங்கி இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். கதையில் அந்த ஆசிரியப் பெண்ணுக்கு இருபது வயது, ஏழைப் பாதிரியாரின் மகள். பிள்ளைகளின் பெற்றோர் இந்தியாவில் இறந்துபோக, பொறுப்பு பெரியப்பாவிடம் வருகிறது. அவர் போடும் நிபந்தனை ஒன்றுதான்: எதற்காகவும் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது. நாங்கள் அதை வேகமாகக் கடந்து பேய் எப்போது வரும் என்று பார்த்தோம். பெரியம்மா அங்கேயே நிறுத்தினார்.

“சம்பளத்தைக் குடுத்துட்டுக் கையக் கழுவிட்டான் பாரு. கேக்க நாதியில்லாத வீட்ல ராத்திரி எலி ஓடினாலும் ஆள் நடக்கிற மாதிரிதான் கேக்கும்.”

பேய் உண்டா இல்லையா என்று கடைசி வாரம் தவிர எல்லா வாரமும் கை தூக்கினோம். எனக்கு அதற்குப் பிறகு அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை. அந்த இருபது வயசுப் பெண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மிஸஸ் க்ரோஸுக்கும் படிக்கத் தெரியாது என்பதை முதலில் கவனித்தவரும் பெரியம்மாதான். பிள்ளைகளில் பையனான மைல்ஸைப் பள்ளியிலிருந்து நீக்கி வந்த கடிதத்தை நீட்டும்போது அவள் கைகளைப் பின்னால் வைத்துக்கொள்கிறாளே, அந்த இடத்தில் பெரியம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

கடைசி ஞாயிறு. ஜன்னலில் குவின்ட், ஆசிரியப் பெண்ணின் பிடிக்குள் மைல்ஸ். அக்கா கடைசி வாக்கியத்தை ஆங்கிலத்தில் படித்தார். தமிழில் சொல்லவில்லை.

“என்னாச்சு?” என்றார் பெரியம்மா.

“பையன் போயிட்டான், பெரியம்மா.”

“புடிச்ச புடியிலயா?”

யாரும் பதில் சொல்லவில்லை. அன்று கை தூக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பெரியம்மா, உங்கள் பிரதியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஒவ்வொரு வாரமும் நிறுத்திய இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து வைத்திருக்கிறீர்கள், ஆறும் அப்படியே இருக்கின்றன. பத்திரமாக என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள்