கழித்தல் கணக்குப் பெட்டி

அன்புள்ள மச்சான்,

உனக்கு எழுதி ஏழு மாதம் ஆகிறது. காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. நீயும்தான் எழுதவில்லை, கணக்கு நேர். இங்கே எல்லோரும் சௌக்கியம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, இப்போது அப்படியே நம்ம வாத்தியார் சிரிப்பு. சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் அவசரம்.

போன வாரம் உன் தங்கச்சியிடம் போனில் பேசினாயாமே. இந்த வெயிலில் பத்து நாள் டெண்ட் போடப் போகிறாயாம், அம்மாவும் கூட வருகிறாராம், நான் ஆகா ஓகோ என்று புகழ்ந்த கேஸ் ஃபிரிட்ஜ் மாதிரியே ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாயாம். அம்மாவின் இன்சுலினும் அதில்தானாம். கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

புகழ்ந்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது குளிர்காலத்தில். பகலிலேயே வெளியே 22 டிகிரிதான் இருந்தது. பெட்டிக்குள் பால் கல் மாதிரி உறைந்து கிடந்தது. அந்த மிதப்பில் உனக்கு நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். அதே பெட்டியை, அதே சிலிண்டரோடு, போன மாதம் 41 டிகிரியில் நாலு நாள் வைத்துப் பார்த்தேன். முன்னால் எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு இதைப் படி.

வண்டியில் ஏற்றும் வரை நான் அதைத் தொடவே இல்லை. போய் இறங்கியதும் பற்றவைத்தால் குளிர்ந்துவிடும் என்று நினைப்பு. பகல் இரண்டு மணிக்கு, வெந்நீர் மாதிரி இருந்த தண்ணீர் பாட்டில்களையும் பாலையும் கோழியையும் அடுக்கி, அடுப்பு மாதிரி சுட்டுக் கிடந்த பெட்டியைப் பற்றவைத்தோம். கூட வந்திருந்த வாத்தியார் அரை மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்து "இன்னும் இல்லையே" என்றார். ஆறு மணிக்கும் உள்ளே 24 டிகிரி. கோழியை அன்று இரவே சமைத்துவிட்டோம், இல்லையென்றால் தூக்கித்தான் போட்டிருக்க வேண்டும். இந்த வகைப் பெட்டியைக் கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டில் கரண்டில் போட்டு (கேஸில் மட்டுமல்ல, கரண்டிலும் ஓடும்), உள்ளே வைக்கும் சாமானையும் குளிரவைத்துத்தான் ஏற்ற வேண்டும். சூடான சாமானைக் குளிரவைக்க அதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். குளிர்ந்ததைக் காப்பாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் தெம்பு.

இரண்டாவது கூத்து இரவில்தான் தெரிந்தது. குட்டி ஒரு டம்ளர் தண்ணீரைப் பெட்டி மூடிமேல் வைத்தாள். தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, மறுபக்கம் ஒரு விரற்கடை கீழே நின்றது. மரத்து வேர்மேல் சாய்த்து வைத்திருக்கிறார் வாத்தியார்! "டெண்ட்டைத்தான் மட்டம் பார்த்து அடிக்கணும், ஃபிரிட்ஜுக்கு எதுக்குய்யா மட்டம்" என்று என்னிடமே சண்டை வேறு. உனக்குத்தான் தெரியுமே, அவர் தப்பை ஒப்புக்கொண்ட ஒரே நாள் அந்தப் படகு நாள்தான்.

மட்டம் ஏன் என்று அவருக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நம் வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் என்ற மோட்டார் குளிரூட்டும் வாயுவைப் பிடித்துத் தள்ளுகிறது. இதில் அப்படி ஓடும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. பின்னால் நகக்கண் அளவு நீலத் தீ எரிகிறது. அது தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவைக் கொதிக்கவைத்துப் பிரிக்கிறது. அந்த ஆவி மேலே போய், தகடுகளில் சூட்டைக் கொட்டிவிட்டுத் திரவமாக மாறி, தன் எடையாலேயே கீழே வழிகிறது. உள்ளே ஹைட்ரஜனோடு சேர்ந்ததும் மறுபடி ஆவியாகிறது. அப்போதுதான் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் போய்த் தண்ணீரிலேயே கரைந்து, திரும்பத் தீயிடம் வந்து நிற்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிவதுதான் இதற்கு மோட்டார். சாய்த்து வைத்தால் வழிய வேண்டியது நடுவழியில் தேங்கிவிடும். அப்படியே ரொம்ப நேரம் எரியவிட்டால் கொதிகுழாய் வறண்டு, துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்திருக்கும் உப்பு உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அடைத்தது அடைத்ததுதான், மெக்கானிக் மாமாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கல்லைக் கொடுத்து மட்டம் பார்த்தோம். விடிகாலை ஆறு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், உள்ளே 3 டிகிரி! பாட்டில்மேல் பனி முத்து முத்தாகப் பூத்திருக்கிறது. சத்தம் கிடையாது, பேட்டரி கவலை கிடையாது, ஒரு சொட்டுக் கரண்ட் இல்லாத இடத்தில் ஜில்லென்று மோர். 'பார்த்தாயா வாத்தியாரே' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பெருமை மதியம் வரைதான் தாங்கியது.

குட்டியின் ரஃப் நோட்டில் எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன். காலை 6: வெளியே 26, உள்ளே 3. பத்து மணி: வெளியே 34, உள்ளே 7. பகல் 3: வெளியே 41, உள்ளே 15. பதினைந்து டிகிரி என்பது ஃபிரிட்ஜ் இல்லை மச்சான், நிழலான கிணற்றடி. பாலும் இறைச்சியும் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

மூன்று வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. இந்தப் பெட்டிக்கு 5 டிகிரி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது கழித்தல் கணக்கு மட்டும்தான். வெளியே எவ்வளவோ அதிலிருந்து சுமார் 25, மிஞ்சிப் போனால் 30 கழிக்கும். இருபத்தாறில் கழித்தால் ஐஸ், நாற்பத்தொன்றில் கழித்தால் வெதுவெதுப்பு. இதில் இன்னொரு வேடிக்கை, என் பெட்டியில் கேஸில் ஓடும்போது, வேண்டிய குளிர் வந்ததும் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டே கிடையாது, தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டும்தான். குளிர்காலத்தில் பால் உறைந்ததும் இதனால்தான். நான்தான் அதைப் பெட்டியின் சாமர்த்தியம் என்று உனக்கு எழுதியிருந்தேன்.

பின்பக்கத் தகட்டில் எழுதியிருந்ததையும் அன்றுதான் படித்தேன், வாங்கி மூன்று வருஷம் கழித்து. 'என்' என்று ஓர் எழுத்து. தட்பவெப்ப வகுப்பாம். 'என்' என்றால் வெளியே 32 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை, 'டி' என்றால் 43 வரை. என் பெட்டி முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறது, நான்தான் அதன் முதுகைப் பார்க்கவில்லை.

சும்மா விட்டுவிடவில்லை. மூன்றாம் நாள் வெயில் நகர நகர பெட்டியையும் நிழலுக்கு நகர்த்தினோம், ஒவ்வொரு தரமும் டம்ளர் வைத்து மட்டம் பார்த்து. பின்தகடுகளுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டோம். சூட்டைக் கொட்ட இடம் இல்லாவிட்டால் அது எதைக் குளிர்விக்கும்? பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் கழற்றிய சின்ன ஃபேனைப் பேட்டரியில் போட்டு, தீப்பக்கம் காற்று படாமல் மேல்தகடுகளுக்கு மட்டும் ஊதவிட்டேன். மூடிமேல் ஈரத்துண்டு. இரவில் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி, அந்தக் குளிரைப் பகலுக்குச் சேமித்தோம். மூடியை ஒரு நாளைக்கு நாலே தரம்தான் திறப்பது என்று சட்டம் போட்டாள் உன் தங்கச்சி. இத்தனைக்கும் சேர்த்து மூன்று மணிக்கு 12 டிகிரி. மூன்று டிகிரிக்கு மூன்று பேர் நாள் முழுக்க வேலை பார்த்தோம்.

கேஸ் செலவைக் குறை சொல்ல மாட்டேன். மணிக்குப் பத்து கிராம்தான் குடிக்கிறது, இரண்டு கிலோ சிலிண்டர் எட்டு நாள் தாங்கும். வண்டியின் 12 வோல்ட்டில் போட்டால் கதை வேறு: எட்டு, ஒன்பது ஆம்பியரை நிற்காமல் இழுக்கும். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் மறந்துவிட்டுத் தூங்கினால், எழுந்ததும் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். யார் தள்ளினார்கள் என்று கேட்காதே.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். இதை மட்டும் இரண்டு தரம் படி. மூன்றாம் நாள் இரவு காற்று அடித்துத் தீ அணைந்துகொண்டே இருந்தது. அணைந்தால் கேஸை மூடும் பாதுகாப்பு அதிலேயே இருக்கிறது, அதனால் பயம் இல்லை. ஆனால் நாலாவது தரம் பற்றவைத்த எரிச்சலில், டெண்ட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டியைத் தூக்கியே விட்டேன். குட்டி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வாத்தியார்தான் என் மணிக்கட்டைப் பிடித்து, "கீழே வை" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மூடிய இடத்தில் எரியும் தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். வாடை இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். எனக்கும் இது தெரியும் மச்சான், தெரிந்தும் தூக்கினேன். அப்புறம் எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

வாத்தியாரும் தூங்கவில்லை. வெளியே, பெட்டியின் தீ தெரியும் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த சங்கதி இது என்று சொன்னேன். ஐன்ஸ்டீன்கூட ஸில்லார்ட் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, ஓடும் உறுப்பு இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார் என்றும் சொன்னேன். "அவங்க ஊர்ல 41 டிகிரி அடிக்காது, அதான் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது அம்மா விஷயம். பிரிக்காத இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். என் ரஃப் நோட்டுப்படி பார்த்தால் காலை பத்தரைக்கே அந்த எல்லை தாண்டிவிடும், சாயங்காலம் வரை திரும்பாது. இரவில் வேறு ஆபத்து: தீயைக் குறைக்க மறந்தால் உறைந்து போகும், ஒரு தரம் உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும், உருகினாலும் உதவாது. அதனால் இந்தப் பெட்டியில் அதை வைக்காதே. கேஸையே விட்டுவிட்டு, 12 வோல்ட் கம்ப்ரஸர் பெட்டி ஒன்றை இரவல் வாங்கு. நாற்பதிலும் உள்ளே 4 என்று வைத்தால் 4-இல் நிற்கும், கொஞ்சம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். ஓடும்போது நாலைந்து ஆம்பியர், இடையிடையே தானே நின்றுவிடும். வண்டி பேட்டரியில் கை வைக்காமல் 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்று தனியாக, பகலில் சார்ஜ் ஏற்ற ஒரு சோலார் பேனல். சரிவில் நின்றாலும் கோபித்துக்கொள்ளாது. பிரித்துப் பயன்படுத்துகிற மருந்தை வெளியே எத்தனை டிகிரியில் எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். கிளம்புமுன் அம்மாவின் டாக்டரிடம் கேட்டுவிடு, சங்கடப்படாதே.

கம்ப்ரஸர் பெட்டி கிடைக்காவிட்டால் பயணத்தைக் குளிர்காலத்துக்குத் தள்ளு. அப்போது என் பெட்டியை நானே கொண்டுவந்து தருகிறேன், வாத்தியாரையும் சேர்த்து. இரண்டும் குளிரில் நன்றாக வேலை செய்யும்.

இந்தக் கடிதம் வந்ததும் ஒரு போன் போடு. பணம் கட்டிவிட்டாயா இல்லையா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்
மச்சான்

பி.கு.: நோட்டில் குறித்த தெர்மாமீட்டரைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எந்தப் பெட்டி வாங்கினாலும் இதை உள்ளே போட்டு, பகல் மூன்று மணிக்குத் திறந்து பார். என் 12-ஆம் நம்பர் ஸ்பானரைத் திருப்பி அனுப்ப அதே அட்டைப்பெட்டி போதும்.