டாக்டரின் குறிப்பைப் படித்த பிறகே கோட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலைவாய்ப்புப் பக்கத்தில் மெடிக்கல் கோடிங் பற்றி, அதாவது நோயையும் டாக்டர் செய்த சிகிச்சையையும் காப்பீட்டுக்கான கோட் எண்களாக மாற்றும் வேலை பற்றி, வெளியான கட்டுரையைப் படித்தேன். அறிவியல் பட்டதாரிகளுக்கு இப்படி ஒரு துறை இருப்பதை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால், கோட் எண்களை மனப்பாடம் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்கிற தொனி அதில் இருந்தது. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் காப்பீட்டுப் பணம் கேட்டு அனுப்பும் கிளைம்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். என்னால் இதை ஏற்க முடியவில்லை. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

லென்ஸ் என்ற பொருளுக்கு ஒரு கோட். அதைக் கண்ணுக்குப் பொருத்திப் பார்க்கும் டாக்டரின் வேலைக்கு இன்னொரு கோட். சாதாரண சாஃப்ட் லென்ஸ் வி2520, சிலிண்டர் பவருக்கான டோரிக் வி2521, பைஃபோக்கல் வி2522, இரவிலும் கழற்றாமல் போடுவது வி2523. இவை ஒரு லென்ஸுக்கான கணக்கு என்பதால் இரண்டு கண்ணுக்கும் கொடுத்தால் இரண்டு யூனிட். பொருத்தும் வேலைக்கான 92310 அப்படியல்ல, இரண்டு கண்ணையும் சேர்த்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் செய்திருந்தால் வேலை குறைவு என்று காட்ட, கோடோடு சேர்க்கும் 52 என்ற மாடிஃபையர் வேண்டும். இதுவரை மனப்பாடம் கைகொடுக்கும்.

அதற்குமேல் கண்ணைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வெறும் கிட்டப்பார்வைக்கு லென்ஸ் பொருத்தினால் 92310தான். அமெரிக்க அரசு முக்கியமாக முதியோருக்கு நடத்தும் காப்பீடான மெடிக்கேர் அதற்குப் பணம் தராது. பார்வைக்கான தனிக் காப்பீடான விஷன் பிளான் இருந்தால் அதில் கேட்கலாம், இல்லையென்றால் நோயாளியின் கைக்காசு. கருவிழியின் மேற்படலம் உரிந்து வலியோடு வருபவருக்கு, புண் ஆறும்வரை காப்பாக டாக்டர் ஒரு சாஃப்ட் லென்ஸை வைத்தால் அது சிகிச்சை, கோட் 92071. கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸுக்கு முதன்முறை பொருத்தினால் 92072. அதன் பிறகு வரும் வருகைகளுக்கு அதே கோடைப் போடக் கூடாது, வழக்கமான பரிசோதனைக் கோடுதான். 2012க்கு முன் 92070 என்ற ஒரே கோட் இருந்தது. லென்ஸின் விலையும் அதிலேயே அடக்கம். அது நீக்கப்பட்டு இந்த இரண்டும் வந்தபோது, லென்ஸைத் தனிக் கோடில் காட்டும் முறையும் வந்தது. பழைய பயிற்சிக் குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இடறுவது இங்கேதான்.

கண்புரை அறுவையில் செயற்கை லென்ஸ் வைத்தவருக்கு வேறு விதி. அப்படிப்பட்ட ஒவ்வோர் அறுவைக்குப் பிறகும் ஒரு ஜோடி கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ மெடிக்கேரில் கிடைக்கும். டாக்டரின் கட்டணம் போகும் இடத்துக்கு அந்தக் கிளைமை அனுப்பினால் திரும்பி வந்துவிடும்; மருத்துவ உபகரணங்களுக்கான டிஎம்இ பிரிவுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஆக, எந்தக் கோட் என்பதை லென்ஸின் பெட்டியை வைத்து முடிவு செய்ய முடியாது. டாக்டர் என்ன நோய் என்று எழுதியிருக்கிறார், எதற்காக லென்ஸ் வைத்தார் என்பதைப் படித்தாக வேண்டும். கெரட்டோகோனஸ் என்று மட்டும் எழுதியிருந்தால்கூடப் போதாது. நிலையாக இருக்கிறதா (எச்18.61), கூடிக்கொண்டே போகிறதா (எச்18.62), எந்தக் கண் என்பதெல்லாம் நோய்க்கான கோடுக்குள் வர வேண்டும். குறிப்பில் இல்லையென்றால் டாக்டரிடமே கேட்க வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியமாக ஒன்று சொல்லித்தர வேண்டும். இருகண் கிட்டப்பார்வை என்று எச்52.13 போட்ட கிளைம் பணம் தர மறுத்து டினையல் ஆனதும், நோயைக் கெரட்டோகோனஸ் என்று மாற்றிப் போட்டால் பணம் வந்துவிடும் என்று யாராவது சொல்லக்கூடும். செய்யவே கூடாது. மெடிக்கேருக்குத் தெரிந்தே பொய் கிளைம் அனுப்புவது அந்நாட்டின் பொய்க் கிளைம் சட்டத்தை மீறுவது. அதோடு, இல்லாத ஒரு கண்நோய் அந்த மனிதரின் மருத்துவப் பதிவில் ஏறிவிடும். நாளை வேறொரு டாக்டர் அதைப் பார்த்து அவரைக் கெரட்டோகோனஸ் நோயாளி என்றே நினைப்பார். நேரில் பார்த்தே இராத ஒருவரின் கண்ணைப் பற்றி எழுதுகிறோம் என்கிற பொறுப்பு நமக்கு வேண்டாமா?

இந்தத் துறை பற்றி அடுத்து எழுதும்போது, பெயர் நீக்கிய டாக்டர் குறிப்பு ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து கோட் எப்படித் தேர்வாகிறது என்று ஓர் அனுபவசாலியை விளக்கச் சொல்லி வெளியிடுங்கள். பயிற்சி மையத்தில் சேரும் முன் ஒரு மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: உண்மையான குறிப்புகளை வைத்துச் சொல்லித்தருவீர்களா?

இப்படிக்கு,
கண் மருத்துவக் கோடிங் பிரிவில் பணிபுரியும் வாசகி