ரெண்டு பேர் மட்டும் மிஞ்சின லீக்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட ஸ்போர்ட்ஸ் பக்கத்தில வந்த கட்டுரையைப் பாத்திட்டுத்தான் இதை எழுதுறன். எங்கட ஸ்கூல் விளையாட்டையும் அமெரிக்கன் யூனிவர்சிட்டி ஸ்டைலுக்குக் கொண்டு வரவேணும், பெரிய பத்துப் பன்ரெண்டு ஸ்கூலைத் தனி லீக்கா பிரிச்சு டிவிக்கும் ஸ்பொன்சருக்கும் குடுத்தா காசு கொட்டும், அது மெல்ல மெல்லக் கீழ இருக்கிற ஸ்கூலுகளுக்கும் வடியும் எண்டு எழுதியிருந்தவர். நல்ல மனசோட தான் எழுதியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனா அமெரிக்காவில 2022ல இருந்து நடந்த கூத்து அவருக்குத் தெரியாது போல. எனக்கும் தெரிஞ்சிருக்காது, எங்கட வீட்டுக்குள்ளால வந்தபடியாத் தான் தெரியும்.

என்ட தங்கச்சிட மகன் பேராதனையில அக்ரி முடிச்சுப்போட்டு வாஷிங்டன் ஸ்டேட் யூனிவர்சிட்டில பிஎச்டி செய்யுறான். வாஷிங்டன் எண்டதும் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில எண்டு நினைக்காதேங்கோ, நானும் முதல்ல அப்பிடித்தான் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். இது மற்றப் பக்கம், வடமேற்கு மூலை மாநிலம், அதிலயும் சியாட்டில்ல இருந்து 450 கிலோமீட்டருக்கு மேல உள்ளுக்க, கோதுமை வயலுக்கு நடுவில புல்மன் எண்டொரு சின்ன டவுன். கொழும்பு யாழ்ப்பாணத்தைவிடத் தூரம். டவுன்ல சனம் முப்பதாயிரம் சொச்சம், ஸ்டேடியத்தில சீட்டும் முப்பதாயிரம் சொச்சம், மேட்ச் நாளில ஊரே கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க போய் இருந்தாலும் இடம் காணும்.

1890ல விவசாயக் கொலிஜா தொடங்கின இடம். இப்பவும் கம்பஸ்ல மாடு வளர்த்துப் பால் கறந்து சீஸ் செய்யினம், கூகர் கோல்ட் எண்டு பேர், டின்ல அடைச்சுத் தான் வரும். மருமகன் வந்த நேரம் ஒரு டின் கொண்டு வந்தவன், மீன் டின் மாதிரித் தான் இருந்திச்சு, மனிசி அதைக் கண்டிட்டு சம்பலோட வைக்கிறதோ எண்டு கேட்டவ. டின் கட்டரால வெட்டித் திறந்து கிறீம் கிராக்கர்ல வைச்சுச் சாப்பிட்டம். நல்ல சாமான். சரி, சீஸ் கதையை விடுவம்.

அங்க கொன்பரன்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. பத்துப் பன்ரெண்டு யூனிவர்சிட்டி சேந்து, நாங்கள் வருஷா வருஷம் எங்களுக்குள்ள விளையாடுவம் எண்டு போட்ட சங்கம் எண்டு வையுங்கோவன். டிவிக்காரனோட பேரம் பேசுறதும் அந்தச் சங்கம் தான். மேற்குக் கரைப் பக்கம் இருந்தது பெக்-12, வேர் 1915 வரைக்கும் போகுது, வாஷிங்டன் ஸ்டேட் 1917ல சேந்தது. அதாவது நூறு வருஷத்துக்கு மேல ஒரே ஆக்களோட விளையாட்டு. 2022 ஜூன் கடைசியில லொஸ் ஏஞ்சலிஸ்ல இருக்கிற ரெண்டு பெரிய ஆக்கள், யூ.எஸ்.சியும் யூ.சி.எல்.ஏயும், நாங்கள் பிக் டென்னுக்குப் போறம் எண்டிட்டினம். பிக் டென் எண்டது நடுப்பக்கத்து, கிழக்குப்பக்கத்து ஆக்களின்ட சங்கம், அவையளுக்கு அந்த வருஷம் கிடைச்ச டிவி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு ஏழு பில்லியன் டொலருக்கு மேல, அந்தத் தொகையைக் கேட்டா ஆருக்குத் தான் கால் நிக்கும். அடுத்த வருஷம் கொலராடோ கழண்டது. பேந்து 2023 ஓகஸ்ட் 4, ஒரு வெள்ளிக்கிழமை, அந்த ஒரு நாளிலயே ஒரிகன், வாஷிங்டன் (மருமகன்ட இடம் இல்லை, சியாட்டில்ல இருக்கிற மற்ற யூனிவர்சிட்டி), அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா எண்டு அஞ்சு பேர் போட்டினம். செப்டம்பர் முதலாந் திகதி ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும். மிஞ்சினது ரெண்டே ரெண்டு, ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். பன்ரெண்டு பேர் சங்கத்தில ரெண்டு பேர், பேர் மட்டும் பெக்-12.

ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் போய்ச் சேந்த இடத்துக்குப் பேர் என்ன தெரியுமோ, அட்லாண்டிக் கோஸ்ட் கொன்பரன்ஸ். பசிபிக் கரையில இருக்கிறவன் அட்லாண்டிக் கரைச் சங்கத்தில. அதுக்கும் வழமையான பங்கில 30 வீதம் தான் தாறம் எண்டு சொல்லித்தான் சேத்தவை, அவையளோட சேந்து போன டெக்ஸாஸ் யூனிவர்சிட்டி ஒண்டு, ஒன்பது வருஷத்துக்கு டிவி காசில ஒரு சதமும் வேண்டாம், உள்ளுக்க விட்டாக் காணும் எண்டு போனது. இது புட்போலுக்காகச் செய்த வேலை (எங்கட புட்போல் இல்லை, ஹெல்மட் போட்டு விளையாடுறது), ஆனா வொலிபோல் பிள்ளையளும் சேத்துத் தான் அலையுதுகள். நியூ ஜேர்சியில இருக்கிற ரட்கர்ஸ் டீம் லொஸ் ஏஞ்சலிஸ் போய் விளையாடவேணும், ஏறக்குறைய 4000 கிலோமீட்டர், கட்டுநாயக்காவில ஏறி டுபாய் போறதைவிடத் தூரம். திங்கக்கிழமை விடிய லெக்சர்.

அந்த ரெண்டு பேரும் சும்மா இருக்கேல்ல எண்டதையும் சொல்லத்தான் வேணும். போறவையள் போகேக்க சங்கத்தின்ட காசையும் முடிவெடுக்கிற அதிகாரத்தையும் வைச்சிருக்கப் பாத்தினம், இவையள் கோர்ட்டுக்குப் போய் 2023 முடியிறதுக்குள்ள வெண்டிட்டினம், அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றமும் மற்றவையின்ட அப்பீலை எடுக்கேல்ல. வீட்டை விட்டுப் போறவனுக்கு வீட்டுச் சாவி எதுக்கு எண்ட நியாயம் தான். ஆனா ஒரு கொன்பரன்ஸ் எண்டா எட்டுப் பேராவது இருக்கவேணும், ரெண்டு வருஷம் தான் தவணை. மவுண்டன் வெஸ்ட் எண்ட பக்கத்துச் சின்னச் சங்கத்திட்ட 2024 சீசனுக்கு மேட்ச் தாங்கோ எண்டு கேட்டு அதுக்கு 14 மில்லியன் டொலர் அளவில கட்டினவை. அதாவது விளையாட ஆள் கிடைக்கிறதுக்கே காசு. அந்த இடத்தில தான் எனக்கு விஷயம் விளங்கினது. சின்ன ஸ்கூலுக்குக் காசு பிறகு தான் இல்லாமப் போகுது, முதல்ல இல்லாமப் போறது விளையாடுற ஆள்.

பேந்து என்ன நடந்தது எண்டா இவையளே அந்த மவுண்டன் வெஸ்ட்ல இருந்து பொய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், பிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் எண்டு அஞ்சு பேரைக் கழட்டி எடுத்திட்டினம், டெக்ஸாஸ் ஸ்டேட்டையும் சேத்து 2026க்கு எட்டுப் பேர், பாஸ்கெட்போலுக்கு கொன்சாகா வேற. தனக்குச் செய்ததை அப்பிடியே கீழ இருக்கிறவனுக்குச் செய்தாச்சு. மருமகனிட்ட இதைச் சொல்லிச் சிரிச்சன், அவனுக்குக் கோவம், "மாமா வேற என்ன செய்யிறது, சாகிறதோ" எண்டான். அதுவும் உண்மை தான்.

அவனோட சேந்து ஒரு மேட்ச் பாத்தனான். 2024 செப்டம்பர், வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும், அப்பிள் கப் எண்டு 1900ல இருந்து நடக்கிற அண்ணன் தம்பி மேட்ச். வழமையா நவம்பர்ல வாறது, அண்ணன் வேற சங்கத்துக்குப் போனதால இடைவெளி கிடைச்ச மாசத்துக்கு மாத்தியாச்சு. இங்க சாமம், நான் ஹோல்ல லைட்டைப் போடாம வட்ஸ்அப்ல அவன் காட்டுற டிவியைப் பாத்துக்கொண்டிருந்தன், படம் நிண்டு நிண்டு வருது, ரூல்ஸ் அரைவாசி விளங்காது. கடைசி நிமிஷத்தில பெரியவன் கோட்டுக்கு ஒரு யார் தூரத்தில நிக்கிறான், உள்ளுக்க வந்தா வெற்றி, மறிச்சிட்டாங்கள். 24-19. அங்க மருமகன் கத்தின கத்தலுக்கு இங்க மனிசி எழும்பி வந்து ஆருக்கு என்ன எண்டு கேட்டவ. அடுத்த வருஷம் அதே பெரியவனிட்ட சொந்த கிரவுண்ட்லயே 59-24 வாங்கிக் கட்டினது வேற கதை.

ஏன் அப்பிடி எண்டு பாத்தா, ஆள் இல்லை. கேம் வார்ட் எண்டொரு பொடியன், ஸ்கூல் காலத்தில பெரிய இடம் ஒண்டும் திரும்பிப் பாக்கேல்ல, ஒரு சின்ன யூனிவர்சிட்டில தொடங்கி, பேந்து புல்மன்ல ரெண்டு வருஷம் விளையாடி ஆளானவன், 2024க்கு மயாமிக்குப் போட்டான், 2025ல என்.எப்.எல், அதுதான் அங்கத்தைய சம்பளத்துக்கு விளையாடுற பெரிய லீக், புதுசா எடுத்த ஆக்களில முதலாவது ஆள் அவன் தான். அதுக்குப் பிறகு வந்தவன் ஒரு சீசன் விளையாடிட்டு ஒக்லஹோமாவுக்கு. கோச்சும் போட்டார். 2025 ஜூன்ல கோர்ட் தீர்ப்போட யூனிவர்சிட்டியே பிளேயருக்கு நேராக் காசு குடுக்கலாம், முதல் வருஷம் 20.5 மில்லியன் டொலர் வரைக்கும் எண்டு வந்திட்டுது. அதைப் பெரியவன் குடுப்பான், புல்மன்காரன் எங்க போவான்? அதே மாசம் வாஷிங்டன் ஸ்டேட் தன்ட அத்லெடிக்ஸ்ல எறிதல், பாய்தல் எல்லாத்தையும் நிப்பாட்டி, தூர ஓட்டத்தை முக்கியமா வைச்சுக்கொண்டது. 1978ல ஹென்றி ரோனோ எண்ட கென்யாப் பொடியன் 81 நாளுக்குள்ள நாலு உலக சாதனையை உடைச்சான், அவன் அந்த நேரம் இதே புல்மன்ல படிச்சவன். ஈட்டி எறியிற பிள்ளைக்கு இப்ப அங்க இடம் இல்லை. கீழ வடியும் எண்டு சொன்ன காசு இதுதானோ எண்டு கட்டுரை எழுதினவரிட்டக் கேக்கவேணும்.

இதெல்லாம் எனக்கு ஏன் சுடுது எண்டா, நான் கொழும்பில இருக்கிற ஒரு சின்னத் தமிழ் ஸ்கூலின்ட பழைய மாணவன், கிரிக்கெட் கொமிட்டில இருக்கிறன், ஸ்கூல் பேர் வேண்டாம். சொந்தக் கிரவுண்ட் இல்லை, மெட் விரிச்சு விளையாடுறது, அந்த மெட்டை த்ரீவீலுக்கு மேல கட்டிக்கொண்டு போறதும் நாங்கள் தான். மூண்டு வருஷத்துக்கு முதல் எங்களிட்ட ஒரு வேகப்பந்துப் பொடியன் இருந்தவன், தகப்பன் மரக்கறிக் கடை, ஓ லெவல் ரிசல்ட் வந்து ஒரு கிழமையில பெரிய ஸ்கூல் ஒண்டு ஏ லெவலுக்கு எண்டு கூட்டிக்கொண்டு போட்டுது. போகாத எண்டு நாங்கள் சொல்லேல்ல, ஆர் சொல்லுவினம்? அங்க ரெண்டு வருஷமும் பெஞ்ச்ல இருந்தான். இப்ப தகப்பனோட கடையில நிக்கிறான், என்னைக் கண்டா "அங்கிள் மெட் இன்னும் இருக்கோ" எண்டு கேப்பான்.

அதைவிடக் கொதி வந்தது போன வருஷம். பல வருஷமா எங்களோட விளையாடின ஒரு ஸ்கூல், எங்களைவிடக் கொஞ்சம் பெரிசு, மேட்ச் கன்சல் எண்டு ரெண்டு வரி மெசேஜ் அனுப்பினவை. கோச் போனை என்ட கையில தந்தவர். உங்களோட விளையாடினா எங்களுக்கு பொயின்ட் இல்லை சேர், சொறி, அவ்வளவு தான். பொடியள் வெள்ளை உடுப்பு தோய்ச்சு வைச்சிட்டாங்கள்.

புல்மனுக்கு 13 கிலோமீட்டர் தள்ளி, மாநில எல்லைக்கு அங்கால, ஐடஹோ யூனிவர்சிட்டி இருக்கு. அதுவும் பெரியவையளோட ஓடிப் பாத்தது, தெற்குப் பக்கத்துக் கொன்பரன்ஸ் ஒண்டில இருந்து கொண்டு ஜோர்ஜியா, லூசியானா எண்டு மேட்சுக்குப் பறந்து திரிஞ்சது. 2018ல போதும் எண்டு தானா ஒரு படி இறங்கி, பழையபடி பக்கத்து மாநிலத்து ஆக்களோட பிக் ஸ்கை கொன்பரன்ஸ்ல விளையாடத் தொடங்கினது, அப்பிடி இறங்கின முதலாவது ஆள் அது தான், கனபேர் பகிடி பண்ணினவை. 2022, 2023, 2024 மூண்டு வருஷமும் அந்த மட்டத்தின்ட பிளேஓப்புக்குப் போயிருக்குது. பஸ்ல போய் விளையாடிட்டு வரலாம். எல்லாருக்கும் இது சரிவரும் எண்டு சொல்லமாட்டன், புல்மன்காரனுக்கு இதைச் சொன்னா அடிக்க வருவான். ஆனா சின்ன ஸ்கூலுக்கு வழி எங்க இருக்கு எண்டு கேட்டா எனக்குக் கை நீளுறது ஐடஹோ பக்கம் தான்.

எங்களிட்ட ஏற்கனவே அது இருக்குதே. சென் ஜோன்ஸும் யாழ் மத்தியும் 1904ல இருந்து விளையாடினம், அந்த மூண்டு நாளும் யாழ்ப்பாணத்தில கலியாண வீடு மாதிரி. ரோயல் தோமியன் மேட்ச் 1879ல இருந்து. எந்த டிவிக்காரன் சொல்லி இதெல்லாம் தொடங்கினது? பெரிய பத்துப் பேரைப் பிரிச்சு எடுத்தா அவையளின்ட பிக் மேட்ச் எப்பிடியும் நடக்கும், ஆனா மற்ற மாசங்களில அவையளோட ஒரு மேட்ச் கிடைச்ச ஸ்கூலுகளுக்கு அது போயிடும். ஒக்லஹோமாவும் ஒக்லஹோமா ஸ்டேட்டும் நூறு வருஷத்துக்கு மேல விளையாடின மேட்சே 2023ஓட நிண்டிட்டுது, கொன்பரன்ஸ் மாறினதால. அதுகள் ரெண்டும் பெரிய ஆக்கள், அதுகளுக்கே அந்தக் கதி.

லீக் போடுறவையள் போடட்டும். ஆனா ஒவ்வொரு பெரிய ஸ்கூலும் வருஷத்தில ரெண்டு மேட்சாவது தன்ட டிவிஷனுக்குக் கீழ இருக்கிற பக்கத்து ஸ்கூலோட விளையாடவேணும், அதுக்கும் பொயின்ட் உண்டு எண்டு ஒரு ரூல் போட்டா என்ன குறைஞ்சிடும்? ஓ லெவலோட ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு போனா, அவனை வளர்த்த ஸ்கூலுக்கு ஒரு செட் பேடும் பந்தும் வாங்கிக் குடுக்கட்டும், காசு கேக்கேல்ல.

உங்களிட்டயும் ஒரு விண்ணப்பம். பெரிய மேட்சுக்கு முழுப் பக்கம் போடுறீங்கள், சந்தோசம், நானும் வெட்டி வைக்கிற ஆள். சின்ன ஸ்கூலுகளின்ட ஸ்கோருக்கு ஒரு மூலையில நாலு வரி தாங்கோ. போன மாசம் எங்கட 15 வயதுக்குட்பட்ட டீம் விளையாடின மேட்சை ரெண்டு தரம் எழுதி அனுப்பினன், வரேல்ல, இடம் இல்லாமப் போயிருக்கும். ஸ்கூல் பேரோட தனித்தாளில மூண்டாந் தரமும் இதோட வைச்சிருக்கிறன். நாங்கள் 94, மற்றவை 91க்கு 9 விக்கெட், மழை வந்து மெட்டைச் சுருட்டினது, முடிவில்லை.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6