ஆற்று வழியாக ஒருமுறை கூட்டிப் போங்கள்

இந்தோனேசியச் சுற்றுலா நடத்தும் தமிழ்நாட்டுப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருடைய பயணத் திட்டங்களை வாங்கிப் படித்திருக்கிறேன். ஒன்றில் காசு கட்டிப் போயும் வந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் மாறுகிறது, திட்டம் மாறுவதில்லை. பாலியில் நான்கு நாள், கடலோரக் கோயில் ஒன்று, குரங்குக் காடு, கடைசி நாள் கடைத்தெரு. கூடுதலாகக் கட்டினால் ஜாவாவில் பொரோபுதூரும் பிரம்பனானும். நான் போன பயணத்தில் "சோழர் கால் பதித்த மண்" என்று பேருந்தில் மைக் பிடித்துச் சொன்னார்கள். பேருந்து நின்றிருந்தது பாலியில். 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பல்கள் போனது சுமத்ராவுக்கும் மலாய் தீபகற்பத்துக்கும். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால், மறுமுறை தனியாகச் சுமத்ராவுக்குப் போனேன். இந்த மடல் அந்தப் பயணத்தில் பிறந்தது.

ஜகார்த்தாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், பாலெம்பாங் வந்துவிடும். இராசேந்திரன் படையெடுத்துப் போன ஸ்ரீவிஜயப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர். நடுவில் மூசி ஆறு. அதன் குறுக்கே 1965-இல் திறந்த அம்பேரா பாலம். அதன் அடியில் 'கெத்தேக்' என்ற மரப்படகுகள் காத்திருக்கும். மோட்டார் போடும் 'தெக் தெக்' சத்தமே படகுக்குப் பெயராகிவிட்டது. கரையோரம் மிதக்கும் வீடுகள்: மூங்கில் தெப்பத்தின் மேல் கட்டியவை, தண்ணீர் ஏறினால் ஏறும், வடிந்தால் இறங்கும். அப்படியொரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். தூணில் கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதா என்று நடுநடுவே காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டுக் கடையும் படகில்தான். கரையில் கட்டிய படகுக்குள் பலகை போட்டு உட்கார வைப்பார்கள். 'பிண்டாங் பாத்தின்' வாங்கினேன். கெளுத்தி இனத்து ஆற்றுமீனை மஞ்சள், புளி, மிளகாய், அன்னாசித் துண்டோடு கொதிக்கவிட்ட சாறு. தேங்காய் கிடையாது. முதல் வாய் வைத்ததும் நம் வீட்டு மீன் புளிக்குழம்பைத் தண்ணியாக வைத்தது போலிருந்தது, அடுத்த வாயில் துளசி வாசனை வந்து அதை வேறு ஊர்ச் சாப்பாடாக்கிவிட்டது. விசைப்படகு ஒன்று கடந்தபோது கடை முழுக்க ஆடியது. கடைக்கார அம்மா பானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் எனக்குச் சோறு போட்டார். அங்கே அக்காவை 'ஆயுக்' என்பார்கள். அப்படிக் கூப்பிட்டதும் இன்னொரு கரண்டி சாறு ஊற்றினார்.

அப்புறம் 'பெம்பெக்'. மீன் சதையும் சவ்வரிசி மாவும் சேர்த்துப் பிசைந்து, வேகவைத்துப் பொரித்தது. ஊரின் உயிர் அதற்கு ஊற்றும் 'சுக்கோ'வில் இருக்கிறது: கருப்பட்டி போன்ற பனைவெல்லம், பூண்டு, மிளகாய், புளிப்பு. தொட்டுச் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைக் கிண்ணத்தோடு உறிஞ்சிக் குடிக்கிறார்கள். நம் ஆட்கள் இதை விரும்புவார்கள் என்று அடித்துச் சொல்வேன். தயவுசெய்து சமையல்காரரையும் இட்லிமாவையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சைவர்களுக்கு சோயாவில் செய்யும் தெம்பேயும் தாகுவும் எல்லாத் தெருவிலும் கிடைக்கும். சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் மட்டும் 'தெராசி' என்ற இறால் விழுது இருக்கும், முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

கெத்தேக்கில் ஆற்றோடு கீழே போனால் கெமாரோ தீவு. சீனக் கோயிலும் ஒன்பது அடுக்குப் பகோடாவும் இருக்கின்றன. தான் புன் ஆன் என்ற சீனத்து வாலிபனுக்கு அவன் பெற்றோர் ஜாடி ஜாடியாகப் பொன் அனுப்பினார்களாம். கொள்ளையருக்குத் தெரியாமலிருக்க மேலே கீரை ஊறுகாய். அது தெரியாமல் ஆத்திரத்தில் ஜாடிகளை ஆற்றில் எறிந்தான். கடைசி ஜாடி உடைந்து பொன் சிதறியதும் பின்னாலேயே குதித்தான். அவனைத் தேடி அவனை விரும்பிய இளவரசி சிதி பாத்திமாவும் குதித்தாள். முஸ்லிம் பெண்ணின் கதையைச் சீனக் கோயிலில் வைத்து ஊரே சொல்கிறது.

இதே ஊரில்தான் 1920-இல் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 605, அதாவது பொ.ஆ. 683. பழைய மலாய் மொழி, பல்லவ எழுத்து. ஒரு தலைவன் படகேறிப் படையோடு வந்த செய்தி. 671-இல் சீனாவிலிருந்து கிளம்பிய துறவி யிஜிங், நாளந்தா போகும் வழியில் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். அடுத்து மலாயு போனார்.

அந்த மலாயுதான் இராசேந்திரனின் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தி சொல்லும் மலையூர் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடம் ஜாம்பி, பத்தாங்ஹாரி ஆற்றங்கரை. அங்கே உள்ள முவாரோ ஜாம்பி கோயில் வளாகத்தின் பரப்பு 3,981 ஹெக்டேர். செங்கல் விகாரங்கள், பழைய கால்வாய்கள், இன்னும் தோண்டாத மண்மேடுகள், அவற்றின் மேல் துரியான் மரங்கள். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். குனிந்து பார்த்தால் சில செங்கற்களில் அன்றைக்கு யாரோ கீறிய கோடுகள் தெரியும். திரும்பி ஆற்றைப் பார்த்தால் நிலக்கரிப் படகுகள் வரிசையாகப் போகும். வளாகத்தை ஒட்டியே நிலக்கரிக் கிடங்குகள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் பெருகினால் இந்த இடத்துக்காகப் பேசும் உள்ளூர்க்காரர்களுக்கு அது பலம். நான் உங்களுக்கு எழுத இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் கேட்கிறேன். அங்கே போய் "நாம் வென்றோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் கட்டினான். அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான், செப்பேடு இருக்கிறது. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அதே அரசின் மேல் படை போனது. சரி, நட்பையும் போரையும் சேர்த்தே சொல்லுங்கள். கேட்கிறவர்களில் அந்த ஊர்க்காரரும் இருப்பார்.

மழையும் வெள்ளமும் குறையும் மே, ஜூன் நல்ல காலம். முவாரோ ஜாம்பியில் விசாகப் பௌர்ணமி விழாவும் அப்போதுதான் வரும். பெரிய பேருந்து வேண்டாம், உள்ளூர் வழிகாட்டியும் உள்ளூர்ப் படகுக்காரரும் போதும். பத்துப் பேரோடு தொடங்குங்கள். கெத்தேக்கில் அதற்கு மேல் வசதியாக உட்கார முடியாது.

அன்புடன்,
உங்கள் பழைய பயணி ஒருவர்